நன்றி சொல்ல வேண்டியவள்

போன வாரம் கதையை அக்கா வீட்டுச் சமையலறையில் நிறுத்திவிட்டோம். சின்னவள் தோளில் பையோடு உள்ளே நுழைந்தாள். பெரியவள் ஒரு வார்த்தை பேசாமல் அந்தப் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை உருவி, மூடியைத் திருகித் தொட்டியில் கவிழ்த்தாள். பாட்டில் குபுக் குபுக் என்று வடிந்துகொண்டிருந்தபோது பக்கம் தீர்ந்துவிட்டது.

இந்த வாரம் பாட்டில் காலி.

"என்னக்கா ஆச்சு உனக்கு? அது நான் எங்க வீட்டுக் குழாயில பிடிச்சுக்கிட்டு வந்த தண்ணி."

"அதனாலதான் கொட்டினேன்."

சின்னவள் அடுப்பைப் பார்த்தாள். விருந்தாளிகள் வந்தால் மட்டுமே பரணிலிருந்து இறங்கும் பெரிய பாத்திரம் அடுப்பில் இருந்தது. உள்ளே தண்ணீர் தளதளவென்று கொதித்தது. மேடையில் இன்னும் மூன்று பாத்திரங்கள், மூடி போட்டு, வரிசையாக. செய்தி ஏஜென்சியில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவளுக்கு இதற்கு மேல் யாரும் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

"எப்போலேர்ந்து காய்ச்சறீங்க?"

"நேத்து சாயங்காலத்திலேர்ந்து."

"சொட்டு மாமா சொன்னாரா?"

பெரியவளின் கண் உள்ளறைப் பக்கம் போனது.

அக்காவின் கணவருக்குச் சின்னவள் வைத்த பெயர் அது. நீர்வழங்கல் துறையின் சோதனைக்கூடத்தில் அவர் மூத்த ஆய்வாளர். கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குக் கொடுத்த டம்ளர் தண்ணீரைக் குடிக்காமல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்த மனிதர். அன்றிலிருந்து சொட்டு மாமா.

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சமையலறை வாசலுக்கு வந்தார். மைத்துனியைப் பார்த்ததும் கை நின்றது.

"சொல்லிட்டியா?" என்று மனைவியைக் கேட்டார்.

"சொல்லல. பாட்டிலைக் கொட்டினேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அவளும் நம்மள மாதிரி வடக்குப் பகுதியிலதான் இருக்கா. கண்ணு முன்னாடி குடிக்கட்டும்னு விடச் சொல்றீங்களா?"

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு, வேறு யாருடைய வீட்டு விஷயத்தையோ சொல்வதுபோலச் சொன்னார். வடக்குப் பகுதிக்குப் போகும் பெரிய குழாயில் எங்கோ விரிசல். பக்கத்துச் சாக்கடை உள்ளே கசிகிறது. மூன்று இடத்தில் தண்ணீர் எடுத்தார், மூன்றிலும் கிருமி. அறிக்கையை மேலதிகாரி வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார். மறுபடியும் சோதிக்கச் சொல்லிவிட்டார்.

"மறுபடியும் சோதிச்சா எப்போ முடிவு வரும், மாமா?"

"எப்போ வரணும்னு நினைக்கறாங்களோ அப்போ. வெள்ளிக்கிழமை புது நீரேற்று நிலையத் திறப்பு விழா. அதுக்கப்புறம்."

"இன்னிக்கு செவ்வாய்!"

"எனக்கும் காலண்டர் இருக்கு."

"காய்ச்சிக் குடிச்சா போதுமா?"

"போதும். பத்து நிமிஷம் கொதிச்சா எல்லாம் செத்துடும். அவ்வளவுதான் விஷயம். ஒரே ஒரு வரி சொல்லணும். அதைச் சொல்லத்தான் ஆள் இல்ல."

சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். பார்த்தது தவறு என்று தெரிந்து உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

சொல்வதற்கு ஊதியம் வாங்குகிறவள் அந்தச் சமையலறையிலேயே நின்றுகொண்டிருந்தாள். பெரியவள் அரசின் செய்தித் தொடர்பாளர். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். பொறுப்பேற்று எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன்பு இருபத்தேழு வருடம் நாளிதழில் செய்தியாளர்; அங்கேயும் அவள்தான் முதல். சேர்ந்த புதிதில் கோலப்போட்டி, குழந்தை வளர்ப்புப் பக்கத்துக்குத்தான் அனுப்பினார்கள். துறைமுக வேலைநிறுத்தத்தின்போது ஆள் கிடைக்காமல் ஒருநாள் இவளை அனுப்பினார்கள். மறுநாளிலிருந்து இவளைத் திருப்பி அழைக்க முடியவில்லை. பெயருக்குப் பதில் இரண்டு எழுத்து போட்டு எழுதினாள். வாசகர் கடிதங்கள் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று வந்தன. அரசுச் செயலகத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாமல், எதிரே இருந்த தபால் நிலையத்துக்கு ஓடிப்போய் வந்து, விட்ட இடத்திலிருந்து குறிப்பெடுத்தாள். இதெல்லாம் முதல் அத்தியாயங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். தன்னைவிடப் பத்து வயது சின்னவளான தங்கையைக் கைப்பிடித்து இந்தத் தொழிலுக்குள் அழைத்து வந்தவளும் அவள்தான்.

"மாமா, நான் இதை எழுதலாமா?" என்றாள் சின்னவள்.

"எழுதினா யார் சொன்னதுன்னு கண்டுபிடிக்க அவங்களுக்கு அரை மணி நேரம் ஆகாது. அறிக்கையைப் பார்த்தவங்க ரெண்டே பேர். ஒருத்தர் பூட்டி வச்சவர்." அவர் சிரிக்கப் பார்த்தார். "வேலை போனா பரவால்ல. ரகசியத்தை வெளிய விட்டா உள்ள போடற சட்டம் இருக்கு. உங்கக்கா கிட்ட நான் புருஷனா சொன்னேன். துறைக்காரனா சொல்லல."

"நீங்க புருஷனா சொன்னதை நான் பொண்டாட்டியா கேட்டுக்கிட்டேன்," என்றாள் பெரியவள். "மூணு மணிக்கு மைக் முன்னாடி போய் நிப்பேனே, அப்போ நான் யாரு?"

அவர் காலணியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வாசற்கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

சின்னவள் தன் வீட்டுக்குப் போன் செய்து, "குடிக்கற தண்ணி எல்லாத்தையும் காய்ச்சுங்க. எதுக்குன்னு கேக்காதீங்க, சாயங்காலம் சொல்றேன்," என்றாள். வைத்துவிட்டுக் காலி பாட்டிலைப் பைக்குள் போட்டாள்.

இன்னொரு வீடு தப்பித்தது. வடக்குப் பகுதியில் நாற்பதாயிரம் வீடுகள்.

* * *

பதினொரு மணிக்குச் சின்னவள் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்தாள்.

பொது வார்டில் வடக்குப் பகுதிக் குழந்தைகள் பதினொரு பேர். கட்டில் போதாமல் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று படுக்க வைத்திருந்தார்கள். ஒரு தாய் தன் பையனின் உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தாள். பஞ்சை எதில் தோய்க்கிறாள் என்று சின்னவள் குனிந்து பார்த்தாள். வீட்டிலிருந்து கொண்டு வந்த பாட்டில்.

"அம்மா, அது வேண்டாம். நர்ஸ் கிட்ட கேட்டு வாங்குங்க."

"ஏம்மா? நல்ல தண்ணிதான். காலையில பிடிச்சது."

டாக்டர் பெயர் சொல்ல மறுத்தார். காரணம் சொல்லவும் மறுத்தார். "தண்ணின்னு நான் சொல்லல. நீங்க சொல்றீங்க. நான் தலையாட்டவும் இல்ல, பார்த்துக்குங்க," என்றார். கழுத்தை மரம்போல வைத்துக்கொண்டு நடந்தார்.

சின்னவள் மாடிப்படிக்கு அடியில் நின்று ஏஜென்சியின் செய்தி ஆசிரியருக்குப் போன் செய்தாள். வடக்குக் குழாயில் கசிவு, அறிக்கை இருக்கிறது, மறைக்கிறார்கள். மூன்று வரியில் சொல்லி முடித்தாள்.

"யாரு சொன்னது?" என்றார் ஆசிரியர்.

"துறைக்குள்ள இருக்கறவர்."

"அது எனக்குப் பத்தாது. நம்ம முறை தெரியுமில்ல? ஆதாரம் யாருன்னு ஆசிரியருக்கு மட்டும் தெரியணும். எனக்குத் தெரியாம ஒரு வரி போகாது."

தெரியும். அந்த முறையை அவள் பத்தொன்பது வருடமாகப் பின்பற்றியவள். ஒருமுறைகூட எந்தப் பெயரும் ஆசிரியர் மேஜையைத் தாண்டிப் போனதில்லை. வார்டிலிருந்து ஒரு குழந்தை அழுவது கேட்டது. அழக்கூடத் தெம்பில்லாத அழுகை.

"எங்க மாமா," என்றாள். "அக்கா வீட்டுக்காரர்."

அந்தப் பக்கம் பேனா கீறும் சத்தம் கேட்டது.

"சரி. நான் சொல்றவரைக்கும் எதுவும் அனுப்பாதே. மூணு மணிக் கூட்டத்துக்குப் போய் உட்காரு. அரசு என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்."

சின்னவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. பாரத்தை யாரிடமாவது மாற்றிவிட்டால் வருமே, அந்த நிம்மதி. மணி பன்னிரண்டே கால்.

* * *

இரண்டே முக்காலுக்கு அரசின் செய்தித் துறைச் செயலாளர் பெரியவளின் அறைக்கு வந்தார். அவளைவிட எட்டு வயது இளையவர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அவள் மேஜையில் கோணலாகக் கிடந்த பென்சில்களை நேராக்கி வைத்துவிட்டுத் தாளை நீட்டினார்.

ஏழு விஷயங்கள். சாலை, பாடப்புத்தகம், திறப்பு விழா விவரம். ஏழாவது: 'வடக்குப் பகுதியில் வழங்கப்படும் குடிநீர் பாதுகாப்பானது.'

"இதுக்குச் சோதனை முடிவு இருக்கா?" என்றாள்.

"வந்துகிட்டிருக்கு, மேடம்."

"வராத முடிவை வச்சு 'பாதுகாப்பானது'ன்னு நான் சொல்ல முடியாது."

"அப்போ நீங்களே மாத்திக்குங்க. வார்த்தை உங்க துறை."

இவ்வளவு சுலபமாக அவர் விட்டுக்கொடுத்து அவள் பார்த்ததில்லை. பேனாவை எடுத்து வரியை அடித்துவிட்டு எழுதினாள்: 'ஆபத்து இருப்பதாக அரசுக்குத் தகவல் இல்லை.'

எழுதிய கை அப்படியே நின்றது. செய்தியாளராக இருந்தபோது அரசு அறிக்கைகளில் இந்த மாதிரி வரிகளைத் தேடித்தேடிச் சிவப்பில் கோடு போடுவாள். ஒளிந்துகொள்வதற்கென்றே கட்டிய வரிகள். இப்போது ஒன்றை அவளே கட்டியிருந்தாள். வேலைப்பாடு நன்றாகவே இருந்தது.

"மைக் பக்கத்துல ஒரு கிளாஸ் தண்ணி வைக்கச் சொல்லியிருக்கேன்," என்றார் செயலாளர் எழுந்துகொண்டே. "தொண்டை காயுமில்ல? நம்ம கட்டடத்துக்குத் தெற்குக் குழாய்லேர்ந்துதான் வருது. கவலையே இல்ல."

அவள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அவர் போனார்.

* * *

கூட்ட அறையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்.

அங்கே ஒரு விதி உண்டு. விளக்குப் பொத்தான்களுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். மேடை ஏறியவர் தானாக இறங்கக் கூடாது. அறையில் இருக்கும் செய்தியாளர்களில் மூத்தவர் எழுந்து 'நன்றி' என்று சொன்னால்தான் கூட்டம் முடியும். உயர்ந்த கை ஒன்று இருக்கும்வரை அவர் அதைச் சொல்லக் கூடாது.

அந்த விதியை எழுதி வாங்கியவள் பெரியவள். இருபது வருடம் முன்பிருந்த செய்தித் தொடர்பாளர் முன்வரிசையில் மூன்று கேள்வி வாங்கிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, பின்கதவு வழியாகப் போய்விடுவார். கடைசி வரிசையில் இருந்த ஒரே பெண்ணின் கை எப்போதும் அந்தரத்தில் நிற்கும். ஒருநாள் அவள் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கதவைச் சாத்தி, அதன் மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். "என் கேள்விக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க சார். அவசரமில்ல, நான் சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்," என்றாள். மற்றவர்களும் அசையவில்லை. அந்த மாதமே விதி வந்தது.

இத்தனை வருடமும் நன்றி சொன்னவர் 'கைக்குட்டை' என்று எல்லோரும் கூப்பிடும் முதியவர். எப்போதும் நெற்றியை ஒற்றிக்கொண்டே இருப்பார். இன்று அவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை. மற்ற மூத்தவர்கள் எல்லாம் ஆசிரியர்களாகி அறைக்குள் அடைந்துவிட்டார்கள்.

வருகைப் பதிவேட்டைப் பார்த்த வானொலிக்காரி விரலை ஓட்டிக்கொண்டே வந்து நிமிர்ந்தாள்.

"ஏஜென்சி அக்கா, இன்னிக்கு நீங்கதான் பெரிய மனுஷி. முன்னாடி வாங்க."

சின்னவள் திடுக்கிட்டாள். அக்கா பதவியேற்ற அன்றே அவள் ஏஜென்சிக்கு எழுதிக் கொடுத்திருந்தாள்: அரசுக் கூட்டத்தில் குறிப்பெடுப்பேன், கேள்வி கேட்க மாட்டேன். எட்டு மாதமாக வாயே திறக்கவில்லை. கூட்டத்தை முடிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

"வேற யாராவது..."

"பத்தொன்பது வருஷம் வேற யாருக்கு இருக்கு? எனக்கு வயசே இருபத்தாறு. வாங்கக்கா, ஒரு வார்த்தைதானே!"

முன்வரிசையின் நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பெரியவள் மேடையேறினாள். தங்கை அந்த நாற்காலியில் இருப்பதைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு தாளைப் பிரித்தாள்.

முதல் ஆறு விஷயங்கள் அரை மணி நேரத்தில் முடிந்தன. ஏழாவதைப் படித்ததும் பத்துப் பதினைந்து கைகள் உயர்ந்தன.

"பதினொரு குழந்தைங்க ஆஸ்பத்திரியில இருக்காங்க," என்றாள் வானொலிக்காரி. "தண்ணிதான் காரணமா?"

"அப்படி உறுதியான தகவல் எதுவும் அரசுக்கு இதுவரை வரல."

"வரலையா, வாங்கிக்கலையா?" இது 'ஒல்லி'. மாலை நாளிதழ்க்காரன். உட்கார்ந்திருக்கும்போதும் நிற்பவனைப்போல உயரம். அறை சிரித்தது.

"நல்ல கேள்வி," என்றாள் பெரியவள். "நான் அங்க இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன்."

"அங்க இருந்தா இந்தப் பதிலை ஏத்துக்கிட்டிருப்பீங்களா மேடம்?"

சிரிப்பு நின்றது. பெரியவள் தாளை மடித்துக் கீழே வைத்தாள்.

"சரி, சுலபமாவே கேக்கறேன்," என்றான் ஒல்லி. "உங்க பக்கத்துல கிளாஸ்ல இருக்கறது குழாய்த் தண்ணிதானே?"

"ஆமா."

"நாற்பது நிமிஷமா நீங்க அதைத் தொடவே இல்ல. ஒரே ஒரு வாய் குடிங்க. நாங்க எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போயிடறோம்."

கேமராக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தோளுக்கு ஏறின. பக்கச் சுவரோரம் நின்ற செயலாளர் மெல்லத் தலையசைத்தார்.

பெரியவள் கிளாஸைக் கையில் எடுத்தாள்.

குடிக்கலாம். இது தெற்குத் தண்ணீர், ஒன்றும் ஆகாது. இனி ஒரு சொல்கூடப் பொய் சொல்லாமல் தப்பித்துவிடலாம். கணவரின் பெயர் யார் வாயிலும் வராது. நாளைக் காலையில் எல்லா இதழ்களிலும் அவள் தண்ணீர் குடிக்கும் படம் வரும். படத்துக்குக் கீழே என்ன வரி வரும் என்பதுகூட அவளுக்குத் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வடக்குப் பகுதியில் ஒரு பெண் எழுந்துபோய்க் குழாயைத் திறப்பாள், பிள்ளைக்கு ஒரு டம்ளர் பிடிப்பாள்.

கிளாஸ் நெஞ்சு உயரத்துக்கு வந்து நின்றது.

கீழே, முன்வரிசையில், தெற்குக் குழாய் பற்றி ஒன்றும் தெரியாத ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் கண்டது இதைத்தான்: அக்கா மாமாவைக் காப்பாற்ற அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போகிறாள். பஞ்சால் நனைத்த உதடுகள் அவள் கண்முன் வந்தன. தன்னையறியாமல் எழுந்து நின்றாள்.

"நன்றி!"

ஒல்லியின் கை உயரத்தில் இருந்தது. வானொலிக்காரியின் கை உயரத்தில் இருந்தது. பின்னால் இன்னும் ஆறு கைகள்.

"என்னது?" என்றது ஒரு குரல்.

"கை இருக்கும்போதே முடிக்கறாங்க!"

"அக்காவுக்குத் தங்கச்சி கதவைத் திறந்து விடுதுப்பா!"

சின்னவளின் காது மடல்கள் எரிந்தன. இருபது வருட வழக்கத்தில் இப்படி யாரும் செய்ததில்லை. கைக்குட்டை ஒருமுறை காய்ச்சலோடு நாலரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

செயலாளர் முன்னால் வந்தார். "கூட்டம் முடிஞ்சுது. வாங்க மேடம்."

பெரியவள் கிளாஸைக் கீழே வைத்தாள். மைக்கை விட்டு நகரவில்லை.

"முடியல," என்றாள். "விதியை எழுதினவ நான். எட்டுக் கை தெரியுது எனக்கு." பிறகு தங்கையைப் பார்த்தாள். பார்வையில் உறவு இல்லை. "ஏஜென்சிக்காரம்மா, உங்க நன்றியைத் திரும்ப எடுத்துக்குங்க. உட்காருங்க."

சின்னவள் உட்கார்ந்தாள். அம்மா அடித்தபோதுகூட அவள் இப்படிச் சுருங்கியதில்லை.

"கேள்வி என்னன்னா, இதைக் குடிப்பேனான்னு," என்றாள் பெரியவள். "இது தெற்குக் குழாய்த் தண்ணி. குடிச்சுக் காட்டறது ரொம்ப சுலபம். அதனாலேயே குடிக்க மாட்டேன். குடிச்சா நீங்க படம் பிடிப்பீங்க. அதைப் பார்த்து வடக்குப் பகுதியில இருக்கறவங்க நம்புவாங்க."

பேனாக்கள் நின்றன.

"வடக்குப் பகுதியில இருக்கற எல்லாரும் தண்ணியைப் பத்து நிமிஷம் கொதிக்க வச்சுக் குடிங்க. இன்னிக்கே. இப்போவே. இது என் தாளில இல்ல. நான் சொல்றேன்."

அறை வெடித்தது. நாலு பேர் வாசலுக்கு ஓடினார்கள். வானொலிக்காரி உட்கார்ந்த இடத்திலேயே அந்த வரியை நேரலையில் திரும்பச் சொல்ல ஆரம்பித்தாள். செயலாளர் சுவரோரம் இல்லை. எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"சோதனை முடிவு வந்துடுச்சா?"

"அரசு எனக்கு எந்த முடிவும் தரல."

"அப்போ உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"செய்தி எங்கேர்ந்து வந்துதுன்னு நான் என்னிக்கும் சொன்னதில்ல."

"அது செய்தியாளருக்கு. நீங்க இப்போ செய்தியாளர் இல்லையே, மேடம்," என்றான் ஒல்லி. அவன் குரலில் கேலி இல்லை. அடுத்த கேள்வி தானாகவே அவன் வாய்க்கு வந்துவிட்டது. "உங்க வீட்டுக்காரர் எந்தத் துறையில..."

பாதியில் அவனுக்கே புரிந்தது.

எல்லோருக்கும் புரிந்தது. பெரியவள் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் இருபத்தேழு வருடம் கேட்டவள், எட்டு மாதம் சொன்னவள். இன்று ஒரு வரிக்குள் ஒளிந்துகொண்டாள்; அதற்கு முன்பு அங்கே அவள் பொய் சொன்னதில்லை. கேள்வி முழுதாக வந்தால் பதில் சொல்லிவிடுவாள். அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

சின்னவளின் நாக்கில் அந்த ஒரு வார்த்தை இருந்தது. சொல்ல முடியாது. ஒருமுறை தப்பாகச் செலவழித்துவிட்டாள்.

வானொலிக்காரி முதலில் கையை இறக்கினாள். பின்வரிசையில் ஒன்று இறங்கியது. பிறகு இன்னொன்று. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கேமராக்காரர் ஒருவர் கருவியைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்து, துடைக்கத் தேவையில்லாத லென்ஸைத் துடைத்தார்.

கடைசியில் ஒல்லியின் நீளமான கை ஒன்றுதான் அந்தரத்தில் நின்றது. அவன் அதை அண்ணாந்து பார்த்தான். மெல்ல வளைத்துப் பின்னந்தலையைச் சொறிந்தான்.

"கேள்வி இல்ல மேடம். பேன்."

யாரும் சிரிக்கவில்லை. கை எதுவும் இல்லை. எல்லாத் தலைகளும் முன்வரிசைப் பக்கம் திரும்பின.

சின்னவள் எழுந்தாள். இந்த முறை ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"நன்றி," என்றாள்.

* * *

தாழ்வாரத்தில் பெரியவள் வேகமாக நடந்தபடியே கணவரின் எண்ணை அழுத்தினாள். சின்னவள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அக்கா, நீ அதைக் குடிச்சிடுவேன்னு பயந்துட்டேன்க்கா."

"தெற்குத் தண்ணிடி அது."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுன்னா கையைக் கட்டிக்கிட்டு உட்காரணும். எல்லார் முன்னாடியும் உன்னை நான் அப்படிப் பேசும்படி வச்சுட்டியேடி..." குரல் உடைந்தது. உடனே கையை உயர்த்தித் தங்கையை நிறுத்தினாள். போனை எடுத்துவிட்டார்கள்.

"என்னங்க, எங்க இருக்கீங்க? நான் சொல்லிட்டேன். பேர் சொல்லல. ஆனா..."

மறுமுனையில் கணவரின் குரல் இல்லை. பென்சில்களை நேராக்கிய மனிதரின் குரல்.

"மேல வாங்க மேடம். மூணாவது மாடி. உங்க சார் இங்கதான் இருக்கார். ஸ்பீக்கர்ல உங்க கூட்டத்தை முழுசாக் கேட்டார்."

"எப்போ வந்தார்?"

"ரெண்டு மணிக்கே கூட்டிக்கிட்டு வந்துட்டோம்."

இணைப்பு அறுந்தது. பெரியவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"ரெண்டு மணிக்கு," என்றாள் மெதுவாக. "நான் மேடை ஏறினதே மூணுக்கு. செயலாளருக்கு எல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் எனக்குக் கிளாஸ் வச்சுக் கொடுத்தார்." தங்கை பக்கம் திரும்பினாள். "சமையலறையில நாம மூணே பேர்தானே இருந்தோம்? யாருடி சொல்லியிருப்பா?"

கேட்டாளே தவிர பதிலுக்கு நிற்கவில்லை. தங்கையைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு படியேற ஆரம்பித்துவிட்டாள்.

சின்னவள் முதல் படியிலேயே நின்றாள். மருத்துவமனை மாடிப்படிக்கு அடியில், பன்னிரண்டே கால் மணிக்கு, பாரத்தை ஆசிரியரின் காதில் இறக்கி வைத்திருந்தாள். மூன்று பேர் இல்லை, நான்கு.

அக்காவின் செருப்புச் சத்தம் மேலே போய்க்கொண்டிருந்தது. முதல் மாடி. திருப்பம். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆசிரியர் சொல்ல மாட்டார். செயலாளர் சொல்ல மாட்டார்.

"அக்கா, நில்லு!"

செருப்புச் சத்தம் நின்றது. கைப்பிடிச் சுவருக்கு மேல் பெரியவளின் முகம் எட்டிப் பார்த்தது.

"மேல போறதுக்கு முன்னாடி," என்றாள் சின்னவள், "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."